முகில் ஓடும் மலை
கலஹா மலைகளின்மேல் பகல் முழுதும் தவழும் முகிலை இடைவிட்டு இடைவிட்டுப் படம்பிடித்து, ஒரு நிமிடத்தில் ஓடவிட்டு, இசையோடு காட்டுகிறார்கள். நாமும் மனமாரச் சுவைக்கிறோம்; அதில் பிழையில்லை.

ஆயினும், நிலக்காட்சியையும் இசையையும் இணைக்கும் இக்கலைக்கு இந்நாட்டில் ஒரு முன்வரலாறு உண்டு. 1934இல் பாசில் ரைட் 'சோங் ஒவ் சிலோன்' படத்தை எடுத்தார்; இசை வோல்டர் லீ; பணம் தேயிலைப் பிரசார சபையுடையது. றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலை லயனல் வென்ட் அதில் வாசிக்கிறார் (இனிய குரல்தான்!). முதலாளிகளின் பணத்தில் உருவான அப்படத்திலேயே, உழைப்போரின் காட்சிகள்மீது சந்தை விலைகள் கூறும் குரல்கள் ஒலிக்கின்றன. அந்தத் துணிவை நாம் மதிக்கிறோம்.

கலஹாவுக்கு அணித்தேயுள்ள லூல்கந்துரவில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் தொடங்கினார். இன்றைய விரைவுப் படத்தில் அம்மலைச்சரிவு அழகாய் ஒளிர்கிறது. காலை முதல் மாலைவரை நிரையில் நின்று கொழுந்தெடுத்த பெண்ணோ, சில புள்ளிகளாய்த் துள்ளி மறைகிறாள்.