வேலூர், சித்தூர், திருப்பதி: நிலம் அதிர்ந்தால் மேப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

2021 நவம்பர் 29, அதிகாலை 4.17 மணி. வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கி.மீ. தொலைவில் 3.6 அளவில் நில அதிர்வு என்று தேசிய நில அதிர்வு மையம் அறிவித்தது. செய்திகளில் அது 'வேலூர் நிலநடுக்கம்' ஆனது. மையம் கொடுத்த 12.74, 78.56 என்ற எண்களை கூகுள் மேப்பில் போட்டுப் பாருங்கள். புள்ளி வாணியம்பாடி பக்கம் போய் நிற்கும். அங்கிருந்து சித்தூர் மாவட்டத்தின் குப்பம் சுமார் 25 கி.மீ.தான்.

2022 ஏப்ரல் 3 நள்ளிரவு வந்த 'திருப்பதி' அதிர்வும் இதே கதைதான். அதன் மையம் திருப்பதிக்கு வடகிழக்கே 85 கி.மீ., அதாவது கூடூர் பக்கம்.

அலர்ட்டில் வரும் ஊர்ப்பெயர் ஒரு அடையாளம் மட்டுமே. உங்கள் தெரு எவ்வளவு குலுங்கியது என்பதை அது சொல்லாது.

அப்போ அதை எது சொல்லும்?

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் 'ஷேக்மேப்' மென்பொருள். நிலநடுக்கம் முடிந்த சில நிமிடங்களில், எந்த இடத்தில் எவ்வளவு அதிர்வு என்று வண்ணமிட்டுக் காட்டும். கருவிப் பதிவுகள், தூரம், மண்ணின் தன்மை ஆகியவற்றோடு மக்கள் சொல்வதையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. கருவி இல்லாத இடங்களைச் சூத்திரத்தால் நிரப்புகிறது. அதாவது, அங்கே நீங்கள் பார்ப்பது மதிப்பீடுதான்.

ஆனால் 3.6 போன்ற சின்ன அதிர்வுக்கு நம்ம பக்கம் ஷேக்மேப் பொதுவாக வராது. அதே மையத்தின் 'டிட் யூ ஃபீல் இட்' பக்கத்தில் நீங்கள் நிரப்பும் படிவம் இங்கேதான் உதவும். இரண்டு நிமிட வேலை.

இனி வரப்போவதற்கு?

அதற்கு 'ஓப்பன்குவேக்'. இத்தாலியின் பாவியா நகரில் இயங்கும் ஜெம் அறக்கட்டளை உருவாக்கிய இலவச மென்பொருள். பைத்தான் தெரிந்தால் உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டலாம். 50 ஆண்டுகளில் 10% வாய்ப்புள்ள அதிர்வு எவ்வளவு என்பதுதான் அது வழக்கமாகப் போடும் கணக்கு. இதையே '475 ஆண்டுகளுக்கு ஒருமுறை' என்பார்கள். அதற்காக இன்னும் 400 வருஷம் நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள். அது சராசரி, டைம்டேபிள் இல்லை.

பழைய பதிவுகள் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கும் ஏமாற்றும். மகாராஷ்டிராவின் லாத்தூர், ஆபத்து மிகக் குறைவான மண்டலம் 1-இல் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2002-இல் ஐ.எஸ். 1893 விதியைத் திருத்தியபோது மண்டலம் 1 என்பதையே நீக்கிவிட்டார்கள். அந்த வரைபடத்தில் பெங்களூரு மண்டலம் 2, சென்னை மண்டலம் 3. சித்தூர், திருப்பதி இரண்டும் இவற்றுக்கு நடுவில்.

ஃப்ளாட் வாங்கப் போகிறீர்களா?

சொர்ணமுகி ஆற்றங்கரையின் வண்டலும் திருமலையின் பாறையும் ஒரே மாதிரி ஆடாது. 2001 புஜ் நிலநடுக்கத்தில், 200 கி.மீ.க்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தைச் சுவரே இல்லாமல் பார்க்கிங்குக்கு விட்டவை. எந்த மேப்பிலும் உங்கள் பில்டிங்கின் தூண் தெரியாது. மண் பரிசோதனை அறிக்கையையும், ஐ.எஸ். 1893, ஐ.எஸ். 13920 விதிகளின்படி வடிவமைத்ததற்கான பொறியாளர் சான்றையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பில்டரிடம் கேளுங்கள்.