பாஸிடிவ் என்றால் என்ன?

கோட்டூர்புரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் பெரிய உறையுடன் யாராவது வழி கேட்டால், கேள்வி முடிவதற்குள் தெற்கே கையைக் காட்டிவிடுவோம். காந்தி மண்டபம் சாலையோடு போனால் சர்தார் படேல் சாலை வரும். அங்கேதான் இருக்கிறது அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி.

சென்ற வருஷம் ஒரு மாலை, நூலகத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் டீக்கடையில் ஓர் இளைஞர் என் அருகே நின்றார். விழுப்புரம் பக்கத்துக்காரர். நாலு வயதுப் பெண் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"சார், இதுல பாஸிடிவ்னு போட்டிருக்காங்க. பாஸிடிவ்னா இருக்குன்னுதானே அர்த்தம்? புதுசா இன்னொரு வியாதியும் வந்திருக்கா?"

சி.டி.10 என்ற எழுத்துக்களுக்கு எதிரே அந்த வார்த்தை இருந்தது. எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "காலையில டாக்டர்கிட்டயே கேட்டுடுங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். புத்திமதிபோல் சொன்னேனே தவிர, உள்ளபடி அது என் அறியாமைக்குப் போட்ட போர்வை. அந்த வெட்கத்தில் மறுநாள் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் என்று நினைத்தது பல நாளாயிற்று.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானது லிம்ப் அணுக்களில் தோன்றும் வகை. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் அந்த அணுக்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரே மருந்தைக் கொடுத்தால் ஒரு குழந்தை எழுந்து விளையாடும். இன்னொன்று ஆறு மாதத்தில் போய்விடும். உருவம் ஒன்றானாலும் இனம் வேறு என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள். இனத்தைப் பிரித்துக் காட்டும் அடையாளம்தான் அகப்படவில்லை.

1975ல் லண்டனில் மெல்வின் கிரீவ்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் அதற்கு முயலைத் துணைக்கு அழைத்தார்கள். பாம்புக்கடிக்குப் போடும் மருந்து எப்படித் தயாராகிறது என்று நமக்குத் தெரியும். குதிரைக்கு விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றினால், அதன் ரத்தத்தில் விஷத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் உண்டாகிறது. அதையே ஆன்டிபாடி என்கிறார்கள். கிரீவ்ஸ் குழுவினர் முயலுக்கு ஏற்றியது புற்று அணுக்களை. முயலின் சீரத்தை எடுத்து, சாதாரண அணுக்களோடு கலந்து, அவற்றில் ஒட்டுகிறவற்றையெல்லாம் நீக்கினார்கள். கடைசியில் மிஞ்சியது நோயுற்ற குழந்தைகளில் சுமார் முக்கால்வாசிப் பேரின் அணுக்களில் மட்டும் போய் ஒட்டியது. எதில் ஒட்டுகிறது என்று தெரியாது. அணுவின் மேற்பரப்பில் உள்ள ஏதோ ஒரு புரதம். அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்து, முதலெழுத்துக்களைச் சேர்த்துக் 'கல்லா' என்று சுருக்கினார்கள். நம் ஊர்க் கடையின் கல்லாப்பெட்டிபோலவே அதுவும் பூட்டியே கிடந்தது. உள்ளே என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஒரு முயலின் சீரம் தீர்ந்தால் இன்னொரு முயல் வேண்டும். முயலுக்கு முயல் சீரம் மாறும். இந்தத் தொல்லைக்கும் அதே 1975ல் கேம்பிரிட்ஜில் வழி பிறந்தது. எதிர்ப்பொருளைச் சுரக்கும் எலியின் அணு, உடம்புக்கு வெளியே சில நாளில் செத்துவிடும். புற்று அணுவோ சாகாமல் பெருகும். ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் இந்த இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். பிறந்த அணு சாகவுமில்லை. ஒரே விதமான எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கவும் செய்தது. 1984ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புற்றின் சாகாவரத்தை வாங்கியே புற்றை அடையாளம் காட்டவைத்த சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

1980ல் பாஸ்டனில் ஜெரோம் ரிட்ஸ் குழுவினர் இந்த முறையில் கல்லாவுக்கென்றே ஜே5 என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்தார்கள். அதைப் பயன்படுத்தும் விதம் கேட்பதற்கு எளியது. நோயாளியின் அணுக்களோடு எதிர்ப்பொருளைக் கலக்கிறார்கள். பிறகு நன்றாகக் கழுவுகிறார்கள், ஒட்டாதது போய்விடும். ஒட்டியதன்மேல் ஒளிரும் சாயம் ஏற்றிய இரண்டாவது எதிர்ப்பொருளை விடுகிறார்கள். தகுந்த ஒளியில் பார்த்தால் அணுவின் விளிம்பு பச்சையாக மின்னும். மின்னினால் பாஸிடிவ்; மின்னாவிட்டால் நெகடிவ். இப்போது லேஸர் ஒளியின் முன்னால் ஒவ்வோர் அணுவாக ஓடவிட்டு, இயந்திரமே எண்ணிவிடுகிறது. 1982ல் பாரிஸில் விஞ்ஞானிகள் கூடி, இத்தகைய அடையாளங்களுக்கு வரிசை எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். கல்லாவுக்குக் கிடைத்த எண் பத்து.

இதற்குள் பேராசையும் பிறந்திருந்தது. புற்றில் மட்டுமே இருக்கும் அடையாளம் என்றால், எதிர்ப்பொருளையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே! சில நோயாளிகளுக்கு ஜே5ஐ ஏற்றிப் பார்த்தார்கள். புற்று அணுக்கள் கெட்டிக்காரத்தனம் செய்தன. எதிர்ப்பொருளைக் கண்டதும் அடையாளத்தையே உள்ளே இழுத்துக்கொண்டன. போதாததற்கு, அதே புரதம் நல்ல சிறுநீரகத்திலும் இருப்பது தெரியவந்தது. திருடனின் அடையாளம் என்று நினைத்தது ஊரில் பல நல்லவர்களுக்கும் இருந்தது.

ஆனால் அந்தச் சிறுநீரகத்தில்தான் சாவி கிடந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் கெர், கென்னி என்ற இருவர், 1974லேயே முயலின் சிறுநீரகத்திலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அணுவின் மேற்பரப்பில் வெளியே நீட்டிக்கொண்டு நின்று, அருகே வரும் சிறிய புரதத் துண்டுகளை நறுக்கும் கத்தரி அது. பாரிஸில் வேறொரு கூட்டத்தார், மூளையில் வலியைத் தணிக்கும் என்கெபலின் என்ற பொருளை வெட்டும் நொதியைத் தேடிப்போய், இதே கத்தரியை வேறு பெயரில் அறிந்தார்கள். ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை; இவர்களும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. 1988ல் கல்லாவின் அமைப்பை எழுத்தெழுத்தாகப் படித்து, தெரிந்த புரதங்களோடு ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது. இரண்டும் ஒன்றே! பதின்மூன்று வருஷம் டாக்டர்கள் ஒரு கத்தரியைக் கத்தரி என்று தெரியாமலே கையாண்டிருக்கிறார்கள். இன்று அதன் பெயர் நெப்ரிலைசின். அதை அடக்கும் மருந்து ஒன்று 2015 முதல் பலவீனப்பட்ட இருதயத்துக்குப் பயன்படுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923ல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கம் முப்பது வருஷம் அவர் மனத்தில் கிடந்து, 1954ல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகள் கொண்ட சிறு ஆஸ்பத்திரியாக உருவெடுத்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1984 முதல் அடையாறு, பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரி, டில்லி எய்ம்ஸ் மூன்றும், அமெரிக்க டாக்டர் இயான் மக்ராத்தின் ஒத்துழைப்போடு, குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு ஒரே மருந்துத் திட்டத்தைப் பின்பற்றின. அதற்கு முன் நோய் திரும்பாமல் நான்கு வருஷம் கடந்தவர்கள் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. புதிய திட்டத்தில் அது 45 முதல் 60 வரை உயர்ந்தது.

கூடவே ஒரு சங்கடமான செய்தியும் தெரிந்தது. நம் குழந்தைகளில், சிகிச்சைக்குச் சுலபமாக வளையாத டி வகை மிகுதி. மேல்நாட்டில் ஏறக்குறைய 15 சதவீதம் என்றால், இந்த மூன்று இடங்களில் 21 முதல் 43 சதவீதம். கல்லா ஒளிரும் வகை நம்மிடம் அந்த அளவுக்குக் குறைவு. வசதியான சமூகங்களில்தான் அந்த வகை அதிகம் என்றும், சிசுப் பருவத்தில் தொற்றுக்களைச் சந்திக்காமல் வளர்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றும் கிரீவ்ஸ் கருதினார். எதிர்ப்பொருள் இல்லாவிட்டால் இந்த வித்தியாசமே கண்ணில் பட்டிருக்காது. மேல்நாட்டுக் கணக்கை நம் குழந்தைமேல் அப்படியே போட்டு, ஏன் பலிக்கவில்லை என்று விழித்துக்கொண்டிருப்போம்.

ஆகையால் அந்தக் காகிதத்தில் இருந்த பாஸிடிவ், புதிய வியாதி அல்ல. எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டது என்பதே அதன் பொருள். இருக்கிற வியாதியின் இனம் தெரிந்தது; அதுவும் பொதுவாக நம்பிக்கைக்கு அதிகம் இடம் கொடுக்கும் இனம். ஆனாலும் அது வாக்குறுதி அல்ல. வயது, வெள்ளணுக்களின் எண்ணிக்கை, குரோமோசோம், மருந்துக்கு உடம்பு சொல்லும் பதில் எல்லாவற்றையும் பார்த்துத்தான் டாக்டர் சொல்லவேண்டும். ஒட்டுவது மட்டும்தான் எதிர்ப்பொருளின் வேலை. ஒட்டியதற்கு அர்த்தம் கண்டுபிடிப்பது மனிதர்களின் வேலை. அதற்குப் பதின்மூன்று வருஷமும் ஆகும், ஒரு டாக்டரின் ஐந்து நிமிஷப் பேச்சும் போதும்.

இரண்டு வாரம் கழித்து அதே டீக்கடையில் அந்த இளைஞரைப் பார்த்தேன். படித்ததையெல்லாம் சொல்லிவிட வாய் துடித்தது. அவரே முந்திக்கொண்டார்.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க சார். அது வியாதி இல்லையாம், அடையாளமாம். என்ன வகைன்னு தெரிஞ்சு மருந்து ஆரம்பிச்சுட்டாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார்.