இருக்கையில் யார் பெயர்? தற்காலத் தென்னாப்பிரிக்க அறைகலன் வடிவமைப்பில் ஆக்கியோர் உரிமை

குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடபகுதியிலுள்ள ஹ்லபிசா, இலாலாப் பனையின் ஓலையால் முடையும் கூடைகளுக்குப் பேர்பெற்ற ஊர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய விசிப்பலகை ஒன்று தற்காலத் தென்னாப்பிரிக்க வடிவமைப்பைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. மரவேலை ஹௌட்லாண்டர் பட்டறையின் பிலிப் ஹாலண்டர், ஸ்டீபன் வில்சன் இருவருடையது. ஜோகன்னஸ்பர்க்கில் மாஷ்.டி என்ற வடிவமைப்பகத்தை நடத்தும் தபிசா எம்ஜோ அவர்களோடு சேர்ந்து வடிவத்தை வகுத்தார். ஓலைப் பின்னல் ஹ்லபிசாவின் மூத்த கூடைக் கலைஞர் பியூட்டி என்கொங்கோவின் கைவேலை. பலகையோடு இந்தப் பெயர்கள் எல்லாமே சேர்ந்து வருகின்றன.

இத்தகைய படைப்புகளை மரபும் நவீனமும் கைகோத்ததாகப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. 1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்தபின் எழுந்த வடிவமைப்பு, ஆப்பிரிக்க அடையாளத்தைத் தேடிக் கண்டடைந்தது என்பது அந்தப் பாராட்டின் சாரம். அவ்வாறு வாசிப்பவர்கள் பொருளின் மேற்பரப்பில் உள்ள கோலத்தையே பார்க்கிறார்கள். அது யாருடைய உழைப்பு எந்த ஏற்பாட்டின்கீழ் சேர்ந்து உருவானது என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. தென்னாப்பிரிக்க அறைகலன், வீட்டுப்பொருள் வடிவமைப்பில் நிகழ்ந்துள்ள முக்கியமான மாற்றம் கைவினைஞரின் பெயர் பொருளோடு பயணிக்கத் தொடங்கியதே என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த மாற்றம் எல்லாப் பட்டறைகளிலும் ஒரே அளவில் நிகழவில்லை. அதை அளக்க மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். வடிவத்தைத் தீர்மானிப்பதில் கைவினைஞருக்குப் பங்கு உண்டா? விற்பனைக்கூடத்திலும் அருங்காட்சியகத்திலும் அவர் பெயர் இருக்கிறதா? வடிவமைப்பாளரின் ஆர்டர் நின்றாலும் தன் தொழிலைத் தொடரும் வலு அவருக்கு உண்டா?

பெயரின்மையின் வரலாறு

கேப் பகுதியின் பழைய அறைகலன்கள் ஸ்டிங்க்வுட், யெல்லோவுட் என்னும் உள்நாட்டு மரங்களில் செய்யப்பட்டவை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் அங்கு இழைப்புளி பிடித்தவர்களில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தனர். அடிமைகள் இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக், வங்கம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். இன்று ஏலத்துக்கு வரும் அலமாரிகளுக்கு மரத்தின் பெயரும் காலத்தின் பெயரும் உண்டு. செய்தவர் பெயர் அரிது.

இருபதாம் நூற்றாண்டு இந்த நிலையைச் சட்டமாக்கியது. 1953-இன் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பின மாணவர்களின் கல்வியைக் குறுக்கியது. 1956-இன் தொழில் சமரசச் சட்டம் திறன்சார் வேலைகளை இனவாரியாக ஒதுக்க வழிசெய்தது. நல்ல மரமும் பட்டறையும் பயிற்சியும் ஒரு பக்கம் சேர, மறுபக்கத்துக்கு ஓலை, களிமண், எறிந்த கம்பி ஆகியவையே மிஞ்சின. தொலைபேசிக் கம்பிக் கூடை இப்படிப் பிறந்தது. நகரங்களுக்கு வேலைக்கு வந்த ஜூலு இரவுக் காவலர்கள், வண்ண பிளாஸ்டிக் உறையிட்ட செம்புக்கம்பித் துண்டுகளைத் தங்கள் கைத்தடிகளில் சுற்றிப் பின்னினர். பின்பு அதே கம்பியால், பீர்ப் பானைக்கு மூடியாகும் இம்பெங்கே என்ற தட்டத்தை முடைந்தனர். இன்று உலகெங்கும் சுவர்களை அலங்கரிக்கும் அந்தத் தட்டங்களின் தோற்றுவாய் புலம்பெயர் உழைப்பு. ‘ஜூலு மரபு’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லும்போது இந்தப் பொருளியல் வரலாறு அழிந்துபோகிறது.

விதிவிலக்குகளும் இருந்தன. ஸ்வீடன் நாட்டினரான பீடர், உல்லா கொவீனியஸ் தம்பதியர் 1962-இல் லூத்தரன் திருச்சபையின் ஆதரவில் தொடங்கி, அடுத்த ஆண்டில் ரோர்க்ஸ் டிரிஃப்டுக்கு இடம்பெயர்ந்த கலை, கைவினை மையம் அவற்றுள் முதன்மையானது. அங்கே தறியில் அமர்ந்த பெண்கள் பிறர் வரைந்த படத்தை நகலெடுக்கும் கைகளாக மட்டும் இருக்கவில்லை. பலர் தம் கற்பனையிலிருந்தே திரைச்சீலைகளை நெய்தனர். அங்கு பயின்ற அல்லினா என்டெபெலே பின்னர் தனியாகத் தறி நாட்டித் தன் பெயரிலேயே அறியப்பட்டார். மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று விடை கிடைக்கும் தொடக்ககால எடுத்துக்காட்டு அவர்.

ஆர்ட்மோர்: பகுக்கப்பட்ட கையொப்பம்

ஃபே ஹால்ஸ்டெட் 1985-இல் டிராகன்ஸ்பர்க் மலையடிவாரப் பண்ணை ஒன்றில் ஆர்ட்மோர் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார். அவரிடம் முதலில் பயின்றவர் போனி என்ட்ஷாலின்ட்ஷாலி. இளம்பிள்ளை வாதத்தால் வயல்வேலை செய்ய இயலாத இளம்பெண். ஐந்தே ஆண்டுகளில், 1990-இல், இருவரும் சேர்ந்து ஸ்டாண்டர்டு பேங்க் இளம் கலைஞர் விருதைப் பெற்றனர். நிறவெறிச் சட்டங்கள் இன்னும் நடப்பில் இருந்தபோது ஆசிரியரும் மாணவியும், வெள்ளையரும் கறுப்பினத்தவரும், ஒரே விருதில் இணைந்தது கவனத்துக்குரியது.

ஆர்ட்மோரில் ஒருவர் வனைவார். இன்னொருவர் சிறுத்தை, வரிக்குதிரை, குரங்கு என உருவங்களைக் கைப்பிடியிலும் மூடியிலும் ஏற்றுவார். மூன்றாமவர் வண்ணம் தீட்டுவார். பொருளோடு இவர்கள் பெயரும் பதிவாகிறது. தொழிற்சாலை முறையில் வேலைப் பகுப்பு ஆளை மறைக்கும். இங்கே அதே பகுப்பு ஆளைத் தனித்துக் காட்டுகிறது. எய்ட்ஸ் நோய் இந்தக் கூடத்தின் கலைஞர் பலரை வாரிக்கொண்டுபோனது. போனியும் 1999-இல் மறைந்தார். அவர்களுடைய ஜாடிகள் இன்றும் அவரவர் பெயரில் ஆராயப்படுவதற்குக் காரணம், செய்த அன்றே பெயர் எழுதப்பட்டதுதான்.

இங்கும் ஓர் எல்லை உண்டு. ஆர்ட்மோர் ஓவியங்கள் ஹெர்மிஸ் நிறுவனத்தின் பட்டுச் சவுக்கங்களிலும் சுவர்த்தாள்களிலும் மெத்தைத் துணிகளிலும் ஏறியபோது, வாங்குவோர் கண்ணுக்கு முதலில் தெரிவது கூடத்தின் வணிகப்பெயர். மண்ணிலிருந்து துணிக்கு மாறும் வழியில் தனியாளின் கை பின்னுக்குப் போகிறது. ஒற்றைப் பொருளில் நிலைக்கும் பெயர், பெருக்கி அச்சிடும்போது தளர்கிறது. எங்கும் காணப்படும் இந்தப் போக்கைப் பின்னர் மீண்டும் காண்போம்.

மூன்று கூட்டு முயற்சிகள்

ஹால்டேன் மார்ட்டினின் ‘ஜூலு மாமா’ நாற்காலி 2000-களில் புகழ்பெற்றது. எஃகுச் சட்டத்தில், ஜூலு கூடையின் பின்னலைத் தழுவிய குழிந்த இருக்கை. வடிவ நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாற்காலியின் பெயரில் ஓர் இனமும் ஒரு தாய்மையும் இருக்கின்றன. பின்னுபவர் எவர் என்பது இல்லை. கூடைமுடையும் பெண் அங்கே உந்துதலாகப் போற்றப்படுகிறார், ஆக்கியோராக அறியப்படுவதில்லை.

போர்க்கி ஹெஃபர் விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்து, ஆள் ஏறி அமரும் தொங்கும் கூடுகளை உருவாக்கியவர். அவற்றின் பிரம்புப் பின்னலில் கேப் டவுனின் பார்வையற்றோர் சங்கத்துப் பின்னுநர்களின் கைத்திறன் கலந்திருக்கிறது. அந்தக் கூட்டுறவு பேட்டிகளிலும் கண்காட்சிக் குறிப்புகளிலும் பேசப்படுகிறது. எனினும் ஓர் அமைப்பின் பெயரால் பேசப்படுவதும் ஒருவருடைய பெயரால் பேசப்படுவதும் ஒன்றாகா.

ஹ்லபிசா விசிப்பலகை இந்த வரிசையில் அடுத்த படி. என்கொங்கோவின் கூடைகள் அதற்கு முன்பே அவர் பெயரில் கண்காட்சிகளுக்கும் தொகுப்புகளுக்கும் சென்றிருந்தன. வேர், பட்டை, இலை ஆகியவற்றால் ஓலைக்குச் சாயமேற்றுவதிலும், பானம் ஒழுகாதபடி நெருக்கிச் சுற்றிக் கட்டுவதிலும் அவர் தேர்ந்தவர் என்பது வெளியுலகுக்குத் தெரியும். ஆகவே கூலிக்கு வந்தவராக அல்லாமல் பங்காளியாகவே அவர் அந்த முயற்சிக்குள் நுழைந்தார். இதிலிருந்து பெறும் முடிவு முக்கியமானது: பங்காண்மை வடிவமைப்பாளரின் பெருந்தன்மையால் மட்டும் அமைவதில்லை. முன்னரே ஈட்டிய பெயர் அதற்கு முதலீடாகிறது.

வடிவமைப்பாளரே வாரிசாகும்போது

மேற்கண்டவற்றில் வடிவமைப்பாளர் ஒருவர், கைவினைஞர் வேறொருவர். இருவரும் ஒருவரேயானால் சிக்கல் தீர்ந்துவிடுமா?

ஆண்டிலே டியால்வானே கிழக்குக் கேப் மாகாணத்தின் ங்கோபோசானா சிற்றூரில் 1978-இல் பிறந்தவர். மாடு மேய்த்த சிறுவயதில் ஆற்றங்கரை மண்ணோடு பழகியவர். ஸிஸிபோ போஸ்வாவுடன் சேர்ந்து கேப் டவுனில் இமிசோ மட்பாண்டக் கூடத்தை நிறுவினார். ஈரமண்ணின் மேல் அவர் கீறும் வெட்டுகள் உடலில் தழும்பிடும் பழைய வழக்கத்தை நினைவூட்டுபவை. ‘இத்தோங்கோ’ என்ற அவருடைய 2020-ஆம் ஆண்டுத் தொகுதி, நெருப்பைச் சுற்றி வட்டமாக அமர்வதற்கான மண் இருக்கைகளால் ஆனது. முதுகுப் பகுதிகள் அவரே உருவாக்கிய கோசாக் குறியீடுகளின் வடிவில் எழுகின்றன. காட்சிக்கூடத்துக்குப் போகுமுன் அவற்றைத் தன் ஊரார் முன்னிலையில் வைத்தார். சந்தையின் மதிப்பீட்டுக்கு முன் சமூகத்தின் மதிப்பீட்டை நாடிய செயல் அது. போஸ்வாவின் ‘உம்த்வாலோ’ தொகுதியோ தலைச்சுமை தூக்கும் பெண்களைப் பாண்டங்களாக்கியது. வனைந்தவர் யார், முடிவெடுத்தவர் யார் என்ற ஐயத்துக்கு இவர்களிடம் இடம் குறைவு.

லடூமா என்கொகோலோவின் நிலை சற்றுச் சிக்கலானது. விருத்தசேதனச் சடங்கை முடித்துவரும் கோசா இளைஞர்கள் புத்தாடை உடுத்துவது வழக்கம். அவர்களுக்கென, கோசா மணிவேலைக் கோலங்களைக் கம்பளிப் பின்னலில் கொண்டுவர போர்ட் எலிசபெத்திலுள்ள நெல்சன் மண்டேலா பெருநகரப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது முயன்றார். அதுவே மகோசா என்ற நிறுவனமாகி, தரைவிரிப்பு, மெத்தையுறை என வீட்டுப்பொருள்களுக்கும் விரிந்தது. அவருடைய சால்வை 2016-இல் டிசைன் இண்டாபா அமைப்பின் ‘தென்னாப்பிரிக்காவின் மிக அழகிய பொருள்’ விருதைப் பெற்றது. 2018-இல் ஸாரா நிறுவனத்தின் காலுறைகளில் தன் கோலம் இருப்பதாக அவர் முறையிட, அந்நிறுவனம் அவற்றை விற்பனையிலிருந்து விலக்கியது.

இந்தச் சர்ச்சை சட்டத்திலுள்ள ஓர் இடைவெளியை வெளிக்காட்டுகிறது. 1993-இன் வடிவமைப்புச் சட்டம் பதிவுசெய்த அழகியல் வடிவத்துக்கு 15 ஆண்டுகளும் பயன்பாட்டு வடிவத்துக்கு 10 ஆண்டுகளும் பாதுகாப்புத் தருகிறது. வடிவம் புதிதாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மணிவேலைக் கோலத்தைப் பின்னலாடையாக்கியவர் புதுமைக்கு உரிமை கோரலாம். தலைமுறை தலைமுறையாக மணி கோத்த பெண்கள் கோர முடியாது. 2019-இல் இயற்றப்பட்ட தொல்குடி அறிவுச் சட்டம் உரிமையைச் சமூகத்திடம் ஒப்படைக்கிறது. ஒன்று தனி வடிவமைப்பாளரைக் காண்கிறது, மற்றொன்று முழுச் சமூகத்தை. இரண்டுக்கும் நடுவே, தன் கைப்பட ஒரு கோலத்தைத் திருத்தி வளர்த்த தனிப்பெண் எந்தச் சட்டத்தின் பார்வையிலும் படுவதில்லை. மரபின் வாரிசே வடிவமைப்பாளராக இருந்தாலும் இந்தக் குறை நீங்குவதில்லை.

வாங்குவோரின் பங்கு

பெயர் நிலைப்பதும் மறைவதும் பெரும்பாலும் வாங்குபவரைப் பொறுத்தவை. இரு வகைப் புரவலர்களை ஒப்பிடலாம்.

டிரெவின், ஜூலியன் மக்கோவன் தம்பதியர் 2008-இல் கேப் டவுனில் நிறுவிய சதர்ன் கில்ட், சேகரிப்போருக்கான வடிவமைப்புக் கூடம். டியால்வானே, போஸ்வா, ஹெஃபர், சூமா மாவெனி முதலியோரைப் பன்னாட்டுச் சந்தைக்கு அது எடுத்துச்சென்றது. 2024-இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் கிளை திறந்தது. அங்கே கலைஞரின் பெயரே விலை. அதனாலேயே ஒரு பொருளுக்கு ஒரு பெயர் போதும் என்ற ஓவியச் சந்தையின் வழக்கம் அறைகலனுக்கும் வந்துசேர்கிறது. உதவிக் கைகள் பின்னணியாகின்றன.

மறுபக்கம், 1987-இல் ஜோகன்னஸ்பர்க்கின் ரோசட்டன்வில்லில் தொடங்கிய நாண்டோஸ் உணவகம். பல நாடுகளிலுள்ள தன் கிளைகளுக்கு விளக்கு, மேசை, நாற்காலிகளைத் தென்னாப்பிரிக்க வடிவமைப்பாளர்களிடம் வாங்குவதைக் கொள்கையாக்கியது. எம்ஜோவின் வளர்ச்சி இந்த வழியின் பயனைக் காட்டும். சொங்கா பெண்கள் ஆடும்போது சுழலும் ஷிபெலானிப் பாவாடையின் மடிப்புகளை நினைவூட்டும் ‘டூட்டூ’ தொங்குவிளக்கு, 2016-இல் நாண்டோஸ் நடத்திய இளம் வடிவமைப்பாளர் போட்டியில் வென்றது. அதன் மறுவடிவம் 2018-இல் ‘மிக அழகிய பொருள்’ ஆனது. மறு ஆண்டில் பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் தன் நிரந்தரத் தொகுப்பில் சேர்த்தது. தொடர்ந்து வரும் ஆர்டர், பட்டறையில் உள்ள எல்லோருக்கும் வேலை தருகிறது. ஆனால் அந்த விளக்கின் கீழ் அமர்ந்து உண்பவர் அதைக் கட்டியவர் யாரென்று கேட்பது அரிது.

ஆக, காட்சிக்கூடம் சிலருக்குப் பெயரையும், மொத்தக் கொள்முதல் பலருக்குக் கூலியையும் தருகிறது. இவற்றில் எது சிறந்தது என்ற கேள்வி பயனற்றது. முதலாவதில் பெயர்ப் பட்டியல் நீள வேண்டும். இரண்டாவதில் பெயர் தொடங்கவே வேண்டும்.

ஒரு மறுப்பும் விடையும்

பெயரைப் பெரிதுபடுத்துவது ஐரோப்பியக் கலைச்சந்தையின் பழக்கம். கூட்டாக வாழும் கைவினை மரபில் அதைத் திணிப்பது அந்நியம் என்று வாதிடலாம். கூலி உயராமல் பெயரை மட்டும் அச்சிடுவது வெறும் பூச்சு என்றும் சொல்லலாம்.

முதல் வாதத்தை ஹ்லபிசாவின் கூடைகளே மறுக்கின்றன. அங்கு பின்னலைப் பார்த்தே இது இன்னாருடையது என்று அறிவார்கள். பெயரின்மை வெளியார் கண்ணின் குறையேயன்றி மரபின் இயல்பன்று. இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு, ஆனால் அது பாதி உண்மை. அறியப்பட்ட கைவினைஞர் அடுத்த வேலைக்குத் தானே விலை சொல்லலாம், பிடிக்காததை மறுக்கலாம். பெயர் தெரியாதவருக்குப் பதிலாக மறுநாளே வேறொருவரை அமர்த்திக்கொள்ள முடியும். அல்லினா என்டெபெலே தனித் தறி நாட்டியதும், என்கொங்கோ பங்காளியாக அமர்ந்ததும் இதையே உறுதிப்படுத்துகின்றன. கூலியைப் பேசி வாங்க உதவும் கருவிகளுள் பெயரும் ஒன்று.

முடிவுரை

கோலங்களை அடையாளமாக வாசிக்கும் ஆய்வு, ‘ஜூலு மாமா’ நாற்காலியையும் ஹ்லபிசா விசிப்பலகையையும் ஒரே தட்டில் வைக்கும். இரண்டிலும் கூடைப் பின்னல் உண்டு. ஆக்கியோர் உரிமையைக் கொண்டு பார்த்தால் அவற்றுக்கிடையே பெரிய தொலைவு இருக்கிறது. அந்தத் தொலைவே கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தத் துறை நடந்த வழி.

இதிலிருந்து அருங்காட்சியகங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு கடமை பிறக்கிறது. பொருளைப் பதிவேட்டில் ஏற்றும்போதே வடிவமைப்பாளரோடு முடைந்தவர், வனைந்தவர், இழைத்தவர், மணி கோத்தவர் அனைவரையும் குறிக்க வேண்டும். ஆர்ட்மோர் 1980-களில் தொடங்கிய கூடம்; ஒரு ஜாடிக்கு மூன்று பெயர் எழுத அதற்கு முடிந்திருக்கிறது. மற்றவர்களால் இயலாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. பட்டறைகளில் இருப்போர் வேலையிலிருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். பிந்தினால், கேப் அலமாரிகளைப் போல மரத்தின் பெயரை மட்டுமே அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வோம்.