கொதிநீர் போதாது என்று தெரிந்த கதை

சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதத்துக்குக் கீறல் விழுந்ததும் தெரியாது, சீழ் வைத்ததும் தெரியாது. காய்ப்பைச் சீவும் கத்தியும் நகம் வெட்டும் குறடும் ஒருவர் காலிலிருந்து அடுத்தவர் காலுக்குக் கிருமியைச் சுமந்துவிடாமல் காப்பது ஆட்டோகிளேவ். அது பிறந்தது பாரிஸில். புதுச்சேரிக்காரர்கள் அறிய வேண்டிய கதை.

1674-ல் பிரான்சுவா மர்த்தேன் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வந்து நிலைகொண்டார். ஐந்து ஆண்டு கழித்து, லண்டனில் இருந்த தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் மூடி இறுக்கிய கலம் ஒன்றைச் செய்தார். நீராவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறியது, நீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டியது, எலும்பே குழைந்தது. நம் அடுப்படி குக்கர் அந்த வம்சம்தான். பாப்பேனுக்கு வேண்டியிருந்ததும் எலும்பின் சத்து மட்டுமே.

இரு நூற்றாண்டு கழித்து ஒரு சண்டை மூண்டது. கொதிக்கவைத்த சிறுநீரில் காரம் சேர்த்தால் உயிர் தானாகவே தோன்றுகிறது என்றார் ஆங்கிலேய மருத்துவர் பாஸ்டியன். லூயி பஸ்தேர் ஒப்பவில்லை. தோண்டித் துருவியதில் உண்மை வெளிவந்தது: சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. அப்படியானால் எத்தனை டிகிரி வேண்டும்? பஸ்தேரின் உதவியாளர் ஷார்ல் ஷம்பர்லான் பாப்பேனின் கலத்தை ஆய்வுக்கூடத்துக்கு ஏற்ப மாற்றி, 1879-ல், 120 டிகிரியை எட்டும் நீராவிக் கலத்தை, அதாவது ஆட்டோகிளேவை, உருவாக்கினார். எதிராளியின் பிடிவாதம் இல்லாவிட்டால் இது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது இந்த வழி இல்லை. அதன் வழிவந்த ஜிப்மர் மருத்துவ நிறுவனம் 1964-ல் எழுந்தபோது ஆட்டோகிளேவ் அறுவை அரங்கின் வழக்கமான கருவியாகிவிட்டிருந்தது.

வழக்கமான அளவு 121 டிகிரி, 15 நிமிடம். ஆனால் நீராவி உலோகத்தைத் தொட்டாக வேண்டும். காய்ந்த ரத்தமும் தோல்துணுக்கும் அதைத் தடுத்துவிடும். ஆகவே முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், குறட்டின் வாயைத் திறந்து வைக்க வேண்டும், உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். கருவிகளோடு வைக்கும் நிறம் மாறும் பட்டை சூடு பட்டதைத்தான் சொல்லும். வித்துகள் செத்தனவா என்பதை வித்துச் சோதனையே காட்டும்.

கருவியை வெந்நீரிலோ கிருமிநாசினியிலோ முக்கியெடுத்து அடுத்த காலுக்கு வைப்பவரைக் கண்டால் காலை இழுத்துக்கொள்ளுங்கள். கிருமிநீக்கிய கருவியின் உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. கத்தியின் அலகு ஒருவருக்கு ஒன்றுதான். நகம் தேய்க்கும் அட்டை அரம் நீராவியைத் தாங்காது. அதையும் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.