வாய்ப்பின் விலை: மொடக்குறிச்சித் தேர்தலும் (1996) முன்கணிப்புச் சந்தையின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

தேர்தல் முடிவை விலையாக மாற்றும் பந்தயச் சந்தைகள், வெற்றியை நாடாத வேட்பாளரை எவ்வாறு மதிப்பிடும் என்னும் வினாவை 1996ஆம் ஆண்டு மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தேர்தலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. வேட்பாளர் செலுத்தும் வைப்புத்தொகையும் அத்தகையதொரு விலையே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கொங்கு வட்டாரம், முன்கணிப்புச் சந்தை, வைப்புத்தொகை, சுயேச்சை வேட்பாளர், மொடக்குறிச்சி, சோமனூர்.

முன்னுரை

கோவை–ஈரோடு இருப்புப்பாதையில் அமைந்த சோமனூர், விசைத்தறிகளால் அறியப்படும் ஊர். இங்குள்ள தறிக்காரர்களுள் பெரும்பாலோர் பாவும் ஊடைநூலும் பிறரிடம் பெற்றுக் கூலிக்கு நெய்து தருபவர்கள். 2021 நவம்பரில் சோமனூர் இரகத்துக்கு 23 விழுக்காடும் பிற இரகங்களுக்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வராமையால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. அறிவிப்புக்கும் நடப்புக்கும் உள்ள தொலைவைக் கணிப்பது இவ்வட்டாரத்தாரின் அன்றாடத் தொழில். கோரிக்கை வைப்போர் தேர்தலையே மனுவாகப் பயன்படுத்திய நிகழ்வும் இதே கொங்கு மண்ணில்தான், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியில் நடந்தது. தேர்தல் பந்தயம் குறித்த ஆய்வுகள் அதனைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

பஞ்சு விலையும் வாக்கு விலையும்

இந்தியப் பந்தய வரலாற்றில் பஞ்சுக்குத் தனியிடம் உண்டு. நியூயார்க் பஞ்சுச் சந்தையின் தொடக்க, இறுதி விலைகள் தந்தி வழியே பம்பாய்க்கு வந்தன. அவ்வெண்களின்மேல் பணம் கட்டும் வழக்கம் அங்கே பரவியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் அவ்விலை வரவு நின்றபோது, பானையிலிருந்து எண் எடுக்கும் மட்கா அதன் இடத்தைப் பிடித்தது. தேர்தல் பந்தயத்துக்குப் பெயர்பெற்றது இராசத்தானின் பலோடி நகரச் சட்டா பஜார். அங்கு ஒருவருக்குச் சொல்லப்படும் விலை குறையக் குறைய அவரது வெற்றி வாய்ப்பு கூடுகிறது என்று பொருள். அமெரிக்காவில் 1868 முதல் 1940 வரை குடியரசுத் தலைவர் தேர்தல்களின்மேல் பெருந்தொகைப் பந்தயங்கள் நியூயார்க்கில் வெளிப்படையாகவே நடந்தன. அதனைக் கல்விக்களத்துக்குக் கொண்டுவந்தது 1988இல் தொடங்கிய அயோவா மின்னணுச் சந்தை.

இச்சந்தைகளின் அடிப்படை எளியது. ஒரு வேட்பாளர் வென்றால் ஒரு ரூபாய், தோற்றால் ஒன்றுமில்லை என்னும் சீட்டு 60 காசுக்கு விற்றால், அவரது வாய்ப்பு 60 விழுக்காடு என்று சந்தை கருதுகிறது. எல்லா வேட்பாளர்களின் சீட்டு விலையும் சேர்ந்து ஒரு ரூபாயாக வேண்டும். இருவர் மோதும் களத்தில் இது பொருந்தும். களம் நெரிசலானால் சிக்கல் எழுகிறது. வாய்ப்புக் குறைந்த குதிரைக்கு மக்கள் தகுதிக்கு மீறிய விலை தருகின்றனர் என்பதை உளவியலாளர் கிரிஃபித் 1949இலேயே பந்தயத் திடல் தரவுகளால் காட்டினார். 1,033 வேட்பாளர்களுக்குத் தலைக்கு அரைக்காசு என வைத்தாலும் கூட்டுத்தொகை ஐந்து ரூபாயைத் தாண்டிவிடும்.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் உண்டு. ஆயினும் தேர்தல் காலத்தில் பலோடி விலை நாளிதழ்ச் செய்தியாகி விடுகிறது.

1,033 பெயர்கள்

மேற்சொன்ன 1,033 கற்பனை எண்ணன்று. 1996இல் மொடக்குறிச்சியில் போட்டியிட்டோரின் தொகை. உழவர் கோரிக்கைகள் புறக்கணிக்கப்பட்டதைக் காட்ட நூற்றுக்கணக்கானோர் சுயேச்சைகளாக மனுச் செய்தனர். வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று. அதனை அச்சிட வேண்டியிருந்தமையால் வாக்குப்பதிவு ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிப்போனது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 பேருக்கு ஒரு வாக்குகூடக் கிடைக்கவில்லை. அவர்கள் தமக்கே வாக்களிக்கவில்லை என்பதே இதன் பொருள்.

இவ்வெண் 88 பெரும்பாலும் நகைப்புக்குரிய செய்தியாகவே எடுத்தாளப்படுகிறது. அது முறையன்று. தமக்கு வாக்களிக்காத வேட்பாளர் தோற்கவில்லை. வாக்குச்சீட்டில் இடம்பெற்ற கணத்திலேயே அவரது வேலை முடிந்துவிட்டது. மாவட்ட நிருவாகமும் தேர்தல் ஆணையமும் நாட்டின் நாளிதழ்களும் அப்பெயர்களைக் கடந்து செல்ல இயலவில்லை. முன்கணிப்புச் சந்தை ஒன்று அன்று இயங்கியிருந்தால் வெற்றியாளரைச் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். எஞ்சிய பெயர்களுக்குச் சுழி விலை இட்டு, அத்தேர்தலின் முதன்மைச் செய்தியைத் தவறவிட்டிருக்கும்.

அரசு இட்ட விலை

வைப்புத்தொகையும் பந்தயத்தின் அமைப்பையே உடையது. வேட்பாளர் பணம் கட்டுகிறார். செல்லத்தக்க வாக்குகளில் ஆறிலொரு பங்குக்கு மேல் பெறாவிடில் அதனை இழக்கிறார். 1918இல் பிரித்தானியா 150 பவுண்டும் எட்டிலொரு பங்கும் என வகுத்த முறையின் வழிவந்தது இது. மொடக்குறிச்சியில் தலைக்கு 250 ரூபாய் வீதம் மொத்தம் 2,58,250 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்க்குப் பாதித்தொகை என்பதால் உண்மைத் தொகை இதனினும் சற்றுக் குறையலாம்.

அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் புளோரைடு கலந்த குடிநீரால் பாதிக்கப்பட்ட நல்கொண்டாவில் 480 பேரும், பெல்காமில் 456 பேரும் நின்றனர். நாடாளுமன்றம் விரைந்து விடை தந்தது. 1996 ஆகஸ்டு முதல் சட்டமன்ற வைப்புத்தொகை 250இலிருந்து 5,000 ஆகவும், மக்களவைக்கு 500இலிருந்து 10,000 ஆகவும் உயர்ந்தது. சுயேச்சைக்கு 10 முன்மொழிவோர் வேண்டும் என்றானது. மக்களவை வேட்பாளர் எண்ணிக்கை 1996இல் 13,952, 1998இல் 4,750. நெரிசல் தீர்ந்தது, அந்நெரிசலைத் தோற்றுவித்த குறைகள் தீர்ந்தனவா என்பதை இவ்வெண்கள் சொல்லா.

பிற நாட்டு நிகழ்வொன்று ஒப்புநோக்கத்தக்கது. ஆசுத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநில மேலவைக்கு 1999இல் 264 பேர் போட்டியிட, மேசை விரிப்பு எனப் பெயர்பெற்ற வாக்குச்சீட்டு உருவாயிற்று. விருப்பவாக்கு மாற்றங்களால், ஏறத்தாழ 0.2 விழுக்காடு முதல்வாக்கு பெற்ற கட்சியொன்று உறுப்பினர் இடம் பெற்றது. அங்கும் விதிகள் இறுக்கப்பட்டன. ஆனால் முதன்மையாகக் கட்சிப் பதிவும் வாக்கு மாற்ற முறையும் திருத்தப்பட்டன. இந்தியாவில் ஏறியது பணம்.

2013இல் வந்த நோட்டா இலவசமான எதிர்ப்பு எனலாம். ஆனால் அது வாய்பேசாதது. எந்தக் கோரிக்கைக்காக அழுத்தப்பட்டது என்பதைப் பொத்தான் சொல்லாது.

25,000 ரூபாயாக உயர்ந்த மக்களவை வைப்புத்தொகையையும் பொருட்படுத்தாமல் 2019இல் நிசாமாபாத் மஞ்சள் உழவர் 178 பேர் மனுச் செய்தனர். பொதுப்பிரிவுக் கணக்கில் இது 44,50,000 ரூபாய். 185 பேர் நின்ற அத்தொகுதியில் வாக்குச்சாவடிதோறும் 12 வாக்குப்பதிவு அலகுகள் வைக்கப்பட்டன. அவர்கள் கேட்ட மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் அந்நகரிலேயே தொடங்கப்பட்டது. ஆறாண்டு இடைவெளியில் பிற காரணங்களும் செயற்பட்டிருக்கும். எனினும் 178 பெயர்களுக்கும் சுழி விலை இட்ட சந்தை எதுவும் இத்தொடர்பை எழுப்பியிராது.

சட்டமன்ற வைப்புத்தொகை இன்று 10,000 ரூபாய். தறிக்கூலிக்காகச் சோமனூர் வட்டாரத்தில் 1,033 பேர் மொடக்குறிச்சி வழியைப் பின்பற்ற முனைந்தால், பொதுப்பிரிவுக் கணக்கில் 1,03,30,000 ரூபாய் கட்ட வேண்டும்.