அனைத்துலக அறிவியல் போட்டி: தோட்டத்துப் பிள்ளையிடமும் கேள்வி இருக்கிறது

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் ஆய்வுப் போட்டிகளில் உலகிலேயே பெரியது ‘ஐசெஃப்’. 1950இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் உள்நாட்டுப் போட்டியாகத் தொடங்கி, 1958இல் கனடா, ஜப்பான், ஜெர்மனி ஆகியவை சேர்ந்ததும் அனைத்துலகப் போட்டியானது.

இதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. இணைப்புப் பெற்ற உள்நாட்டுப் போட்டியில் தேர்வாக வேண்டும். தனியாகவோ மூவர் வரையிலான குழுவாகவோ பங்கேற்கலாம். ஆய்வு தொடர்ந்து 12 மாதங்களைத் தாண்டக்கூடாது. மனிதர், விலங்கு, நுண்ணுயிர் தொடர்பான ஆய்வுக்குத் தொடங்கும் முன்பே அனுமதி பெற வேண்டும்.

நடுவர்கள் மாணவரிடமே கேட்பார்கள்: ஏன் இந்த முறை? எத்தனை தடவை செய்தீர்கள்? முடிவு ஏன் மாறியது? பெரியவர்கள் செய்துகொடுத்த மாதிரி அங்கே கைகொடுக்காது. தேதியிட்ட குறிப்பேடுதான் சாட்சி. தவறிப்போன சோதனைகளும் அதில் இருக்க வேண்டும்.

விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இருந்தால்தான் முடியும் என்ற தயக்கம் பல குடும்பங்களில் உண்டு. தமிழ்நாட்டின் திருவண்ணாமலையைச் சேர்ந்த மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி போடுபவர் கரி எரிப்பதைக் கண்டு, சூரிய ஆற்றலில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். அதற்காக 2020இல் சுவீடனின் சிறுவர் பருவநிலை விருதைப் பெற்றார். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உரையாற்றினார். அது வேறு களம்தான். ஆனால், கேள்வி வாசலிலேயே கிடைத்தது.

பேராக்கில் அப்படிப்பட்ட கேள்விகளுக்குக் குறைவில்லை. 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட கோலாகங்சாரில், அக்காலத்து மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. தோட்டங்கள் மறைந்து, குடும்பங்கள் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தாலும், பால்வெட்டிய தாத்தா பாட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். ரப்பர் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் பயன்படுகிறது. எலுமிச்சைச் சாறு அந்த வேலையைச் செய்யுமா, எவ்வளவு தேவை, எத்தனை நிமிடம் ஆகும் என்பது ஒரு நல்ல ஆய்வுக்கான தொடக்கம். ஒரே அளவு பால், சாற்றின் அளவு மட்டும் மாற்றம், ஒவ்வொன்றும் மூன்று முறை, உலர்ந்த ரப்பரின் எடை: இவ்வளவே அடிப்படை. அமிலத்தை ஆசிரியர் மேற்பார்வையில் மட்டுமே கையாள வேண்டும்.

மழை நாளில் மங்கில் பால் என்ன ஆனது என்பதைப் பாட்டி சொல்வார். அந்த அனுபவம் அவரோடு போய்விடும் முன், பேரப்பிள்ளை அதைக் குறிப்பேட்டில் எழுதிச் சோதித்துப் பார்க்கலாம்.