பட்டதாரிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிய அரசாங்கம்

"முப்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அன்பான துணை கிடைக்குமா?" என்பது இந்த முறை நம் தொலைக்காட்சி மன்றத்துக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் கைப்பேசிச் செயலிகளைப் பற்றிப் பேசினார்கள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதிர்பார்ப்பு கூடிவிட்டது என்றார்கள். நான் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். இதே கேள்வியைச் சிங்கப்பூரின் பிரதமரே தேசிய தின மேடையில் எழுப்பிய காலம் ஒன்று உண்டு. அதைத் தொடர்ந்து கல்யாணத் தரகர் வேலையை அரசாங்கமே கையில் எடுத்தது. இளைய நேயர்கள் பலருக்கு இது கட்டுக்கதைபோல் தோன்றலாம். ஆனால் நடந்ததுதான்.

1983 ஆகஸ்ட் 14ஆம் தேதி இரவு, திரு லீ குவான் இயூ தம் தேசிய தினப் பேரணி உரையில் 1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களை எடுத்து வைத்தார். படித்த பெண்கள் பலர் திருமணம் ஆகாமலே இருக்கிறார்கள், மணமானவர்களும் குறைவாகத்தான் பிள்ளை பெறுகிறார்கள், படிக்காத பெண்களோ அதிகம் பெறுகிறார்கள் என்பது அவர் சொன்ன செய்தி. அறிவுத்திறனில் 80 விழுக்காடு பிறப்பால் வருவது, 20 விழுக்காடுதான் வளர்ப்பால் வருவது என்ற கருத்தையும் சேர்த்துச் சொன்னார். இப்படியே போனால் நாட்டின் திறமை வற்றிவிடும் என்பது அவர் கவலை.

இந்தக் கவலை எழுந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1961இல் மாதர் சாசனம் வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பலதார மணம் சட்டவிரோதமானது. பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், தொழிற்சாலைக்குப் போனார்கள், பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம் தொடங்கியது. எழுபதுகளில் "இரண்டு போதும்" என்ற முழக்கம் எங்கும் ஒலித்தது. நாடு சொன்னபடி படித்து, நாடு சொன்னபடி வேலைக்குப் போன அந்தப் பெண்கள், முப்பதை எட்டிய வேளையில் அதே நாடு திரும்பிப் பார்த்து, "நீ ஏன் இன்னும் தனியாக நிற்கிறாய்?" என்று கேட்டது. கேட்ட விதம் எவ்வளவு வலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே காலத்தில், 1979 முதல், மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் கிடையாது. பெண் மருத்துவர்கள் குடும்பத்துக்காக வேலையை விட்டுவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். குடும்பம் வந்தால் வேலையை விட்டுவிடுவாள் என்று ஒரு கதவை அடைத்தார்கள். குடும்பம் வரவில்லையே என்று இன்னொரு கதவைத் தட்டினார்கள். அந்த வரம்பு 2003இல்தான் நீங்கியது.

மறுநாளிலிருந்து நாளிதழ்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. "மாபெரும் திருமண விவாதம்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். திரு லீ அன்று முதலில் கண்டித்தது ஆண்களைத்தான். படித்த ஆண் தன்னைவிடக் குறைவாகப் படித்த பெண்ணையே தேடுகிறான், அதனால்தான் படித்த பெண் தனித்து நிற்கிறாள் என்பது அவர் கண்ட காரணம். மருமகள் அதிகம் படித்திருந்தால் மாமியாருக்குச் சங்கடம் என்ற மனப்போக்கையும் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பில் அவர் எழுதினார்.

நோய் ஆண்களின் மனத்திலும் அவர்களைப் பெற்றவர்களின் மனத்திலும் இருக்கிறது என்று கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் மருந்து யார் வாயில் ஊற்றப்பட்டது? அந்தப் பெண்ணின் வாயில்தான்.

1984 ஜனவரியில் சமூக மேம்பாட்டுப் பிரிவு தொடங்கியது. மூத்தவர்களுக்கு "எஸ்டியு" என்றால் உடனே புரியும். முதலில் அரசாங்க வேலையில் இருந்த பட்டதாரிகளுக்காக, அதிக விளம்பரமில்லாமல், நிதி அமைச்சின்கீழ் நடந்தது. பல்கலைக்கழக மருத்துவரான டாக்டர் ஐலீன் ஆவ் பொறுப்பேற்றார். தேநீர் விருந்து, நடன வகுப்பு, கப்பல் பயணம், கணினி வழியாக ஜோடி சேர்ப்பது என்று என்னென்னவோ செய்தார்கள். சம்பளம் வாங்கும் பட்டதாரிகளை ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைப்பதுதான் நோக்கம். நம் வீடுகளில் பெண் பார்க்க வரும்போது கேசரியும் பஜ்ஜியும் செய்த வேலையை அங்கே கேக்கும் நடனமும் செய்தன, அவ்வளவுதான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? எஸ், டி, யு என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கும் "தனியாள், தவிப்பவள், அழகில்லாதவள்" என்று பொருள்படும் சொற்களைப் பொருத்தி மக்கள் சிரித்தார்கள். அந்தப் பிரிவில் ஆண்களும் உறுப்பினர்கள்தான். ஆனாலும் அந்தக் கேலியைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அப்படிப் போய்வந்த, இன்று ஓய்வுபெற்றுவிட்ட ஆசிரியை ஒருவர் ஒளிப்பதிவு முடிந்ததும் என்னிடம் வந்தார். "அம்மாகிட்ட டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போவேன்மா. அங்க போனா நம்ம ஆளுங்க ரெண்டு மூணு பேர்தான். எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் ஏற்கெனவே தெரிஞ்சவங்க!" என்று சொல்லிச் சிரித்தார். அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அவர் வருந்தவும் இல்லை.

அவர் சொன்னது வேடிக்கைபோல் இருந்தாலும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1980இல் நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் தமிழர், அதில் பட்டதாரி, அதில் மணமாகாதவர், அதில் தன் சமயம், பிறகு சாதி, பிறகு ஜாதகம், கடைசியில் உயரம், நிறம் என்று சல்லடை போட்டுக்கொண்டே போனால் மிஞ்சுவது எத்தனை பேர்? ஒரு கை விரல் போதும் எண்ணுவதற்கு. மகனுக்குப் பெண் அமையாவிட்டால் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பார்த்துக் கட்டிவைத்து அழைத்து வருவது நம்மவரிடையே வழக்கமாக இருந்தது. மகளுக்கு அப்படிச் செய்யத் தயங்கினார்கள். "மாப்பிள்ளை அவள் வீட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன மரியாதை?" என்ற பேச்சு ஒரு பக்கம். சட்டமும் அவளுக்குத் துணையாக இல்லை. சிங்கப்பூர் ஆண் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை கிடைத்தது. சிங்கப்பூர்ப் பெண் வெளிநாட்டவரை மணந்து அங்கே பெற்ற பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. அரசியல் சாசனம் திருத்தப்பட்டு 2004இல்தான் தாய் வழியாகவும் குடியுரிமை கிடைத்தது. காதலிக்கத் தகுந்தவன் கடல் கடந்து இருந்தால்கூட, அவள் மட்டும் கூடுதலாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மீண்டும் 1984க்கு வருவோம். அந்த ஆண்டில் இன்னும் இரண்டு திட்டங்கள் வந்தன. மூன்று பிள்ளை பெற்ற பட்டதாரித் தாய்மாருக்குப் பிள்ளைகளின் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. மறுபக்கம், வசதியும் படிப்பும் குறைந்த இளந்தாய்மார் இரண்டு பிள்ளைகளுக்குள் கருத்தடை செய்துகொண்டால் வீடு வாங்க உதவியாக 10,000 வெள்ளி. இதைப் பற்றிப் பேசும்போது பலரும் பட்டதாரிப் பெண்களின் மனவருத்தத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தொழிற்சாலைப் பெண்தான் கண்முன் வருகிறாள். பட்டதாரியிடம் "உன் பிள்ளை வேண்டும்" என்றார்கள். இவளிடம் என்ன சொன்னார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவளும் முப்பது வயதில் தனியாக இருந்திருக்கலாம். அவளுக்கும் ஒரு துணை தேவைப்பட்டிருக்கலாம். அவளுக்காக எந்த விவாதமும் நடக்கவில்லை. பட்டம் இல்லாதவர்களுக்கென்று 1985இல் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். தேடுவது ஒரே அன்புதான். அதற்கும் சான்றிதழைப் பார்த்து இரண்டு வாசல் வைத்தார்கள்.

பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1984 நவம்பரில் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சங்கம் பெண்களைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடத்தியது. அங்கே கூடியவர்களின் முயற்சியால் அடுத்த ஆண்டு "அவேர்" என்ற பெண்கள் அமைப்பு பிறந்தது. அதற்கிடையில் 1984 டிசம்பர் பொதுத் தேர்தல் வந்தது. மக்கள் செயல் கட்சியின் வாக்கு விகிதம் சுமார் 13 விழுக்காடு சரிந்தது. திரு ஜெ. பி. ஜெயரத்தினமும் திரு சியாம் சீ தோங்கும் வென்றார்கள். சரிவுக்குக் காரணங்கள் பல. மத்திய சேமநிதியை எடுக்கும் வயது பற்றிய பேச்சும் அதில் ஒன்று. பட்டதாரித் தாய்மார் திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று அப்போதே பரவலாகப் பேசப்பட்டது. 1985இல் கல்வி அமைச்சரான டாக்டர் டோனி டான் பள்ளி முன்னுரிமைத் திட்டத்தைக் கைவிட்டார். 1987இல் திரு கோ சோக் தோங், வசதியிருந்தால் மூன்று பிள்ளைகள் அல்லது அதற்குமேலும் பெற்றுக்கொள்ளுங்கள் என்ற புதிய கொள்கையை அறிவித்தார்.

எஸ்டியு தோற்றுவிட்டதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பட்டதாரி ஆண்களில் சக பட்டதாரியை மணந்தவர்கள் 1982இல் 38 விழுக்காடு, 1997இல் 63 விழுக்காடு என்று திரு லீ எழுதியிருக்கிறார். அது எஸ்டியுவின் தேநீர் விருந்தால் மட்டும் வந்ததா என்றால் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு சம்பளம் இல்லாமல் குடும்பம் நடத்துவது கடினமானதும் படித்த மனைவியின் மதிப்பு தானாகக் கூடியது என்பது என் எண்ணம். 2009இல் இரண்டு வாசல்களையும் ஒன்றாக்கி ஒரே அமைப்பாக மாற்றினார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின அதற்கு.

இந்த வரலாற்றில் முப்பது, முப்பத்தைந்து என்ற எண்கள் எப்படிக் கல்வெட்டாகின என்பதையும் பார்க்க வேண்டும். தனித்து வாழும் சிங்கப்பூரர் 35 வயதானால் வீவக மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்று 1991இல் சில கட்டுப்பாடுகளுடன் வழி திறந்தது. 2013இல் புதிய ஈரறை வீடும் வாங்க முடிந்தது. 2024 பிற்பகுதியிலிருந்து எந்த வட்டாரத்திலும் புதிய ஈரறை வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். "முப்பத்தஞ்சு ஆயிடுச்சு, வீடு வாங்கிட்டேன்" என்று ஒரு பெண் சொன்னால், "அப்போ இனிமே கல்யாணம் இல்லையா?" என்று கேட்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சாவி வாங்கியவள் தாலியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று யார் சொன்னது? "முதிர்கன்னி" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதற்கு இணையாக ஆணுக்கு அதே கூர்மையோடு ஒரு சொல் நம்மிடம் புழக்கத்தில் இல்லை என்பதையும் தமிழ் ஆர்வலர்கள் யோசிக்கலாம்.

இன்று மணமகளின் இடைநிலை வயதே முப்பதை நெருங்கிவிட்டது. 2023இல் கருவள விகிதம் ஒன்றுக்கும் கீழே, 0.97ஆக இறங்கியது. அதே ஆண்டு ஜூலை முதல், 21இலிருந்து 37 வயது வரையுள்ள பெண்கள், மணமாகாதவர்களும்கூட, தங்கள் கருமுட்டையை உறைய வைத்துச் சேமிக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. மன்றத்தில் பேசிய இளம்பெண் ஒருவர் இதைப் பெரிய ஆறுதல் என்றார். ஆறுதல்தான். ஆனால் சேமித்து வைத்த முட்டையைப் பயன்படுத்த வேண்டுமென்றால் சட்டப்படி மணமாகியிருக்க வேண்டும்.